மதர்போர்டு நீண்ட நாள் உழைக்க, வேகமும் கூட: 50 வீட்டுக் குறிப்புகள்

கிள்ளானில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்கு இப்போது ஏழு வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கும் தங்கை வீட்டில் புதிய மாடல். பிள்ளைகளின் பாடம், விளையாட்டு, கல்யாண வீடியோ எடிட்டிங் எல்லாம் இந்த இரண்டில்தான் ஓடுகின்றன. இரண்டையும் கொஞ்சம் ஓவர்கிளாக் செய்துதான் வைத்திருக்கிறோம், ஆனால் போர்டை வதைத்து அல்ல. நம்ம ஊர் வெயில், புழுக்கம், இடி மின்னல் மூன்றையும் தாங்கும் போர்டுதான் வேகத்தையும் தாங்கும். சம்பாதித்த வெள்ளி வீணாகாமல் இருக்க, நாங்கள் செய்து பார்த்துப் பலன் கண்டவற்றை இங்கே தருகிறோம்.

வாங்கும்போது

1. இன்டெலில் பெயரின் கடைசியில் 'கே' உள்ள பிராசசரும் 'இசட்' வரிசை மதர்போர்டும் சேர்ந்தால்தான் பிராசசர் வேகத்தைக் கூட்ட முடியும். ஏஎம்டி ரைசனுக்கு பி550, பி650 மாதிரி நடுத்தர போர்டே போதும். ஏ520, ஏ620 போர்டுகளில் அந்த வசதி இல்லை. ஜோடி பொருந்துகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

2. பெட்டியில் '14 பேஸ்', '16 பேஸ்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். பிராசசரைச் சுற்றியுள்ள விஆர்எம் பகுதிதான் அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறது. அதன் மேல் உள்ள அலுமினியக் கட்டி கனமாக, வரிவரியாக வெட்டுப்பட்டு இருந்தால் சூடு நன்றாக இறங்கும். வழவழப்பான பிளாஸ்டிக் மூடி அழகுக்குத்தான்.

3. கிள்ளானிலிருந்து லோ யாட் பிளாசாவுக்குக் காரில் போனால் பார்க்கிங்கிலேயே ஒரு சாப்பாட்டுக் காசு போய்விடும். கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மோனோரயிலில் இம்பி நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். நெரிசல் இல்லாத வார நாள் காலையில் போனால் கடைக்காரரும் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்.

4. கடையிலிருந்து கிளம்பும் முன் சாக்கெட் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் பின்களைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் பிறகு யார் வளைத்தது என்ற வழக்கு வரும். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள்.

5. கடை ரசீதின் எழுத்து நம் வெக்கையில் சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து, போர்டின் வரிசை எண் ஒட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்துப் படம் பிடித்து, வீட்டார் இரண்டு பேர் கைப்பேசியில் வைத்துவிடுங்கள்.

6. சொந்த உபயோகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கினால், வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி விலக்கில் அதைச் சேர்க்கலாம். ரசீது வரி கட்டுபவரின் பெயரில் இருக்கட்டும். பையன் தேர்ந்தெடுத்தாலும் பில் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ போடச் சொல்லுங்கள்.

7. பழுதான பொருளைக் கடை மாற்றித் தர மறுத்தால் பேசிப் பேசித் தொண்டை வற்ற வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே நாமே பதியலாம். ஐந்தாம் குறிப்பில் எடுத்த படங்கள் அங்கே கைகொடுக்கும்.

8. பழைய போர்டு வாங்கும்போது மின்தேக்கிகளின் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ வேண்டாம். போர்ட் கிள்ளான் பக்கம் இருந்த போர்டென்றால் பின்பக்க யூஎஸ்பி ஓட்டைகளில் உப்புக்காற்றின் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரேம் துளைகள் எல்லாவற்றிலும் ரேமை மாற்றி மாற்றிப் போட்டு, பயாஸ் திரை வருவதைக் கண்ணால் கண்ட பிறகே காசு கொடுங்கள்.

9. 2000-களின் தொடக்கத்தில் வந்த மோசமான மின்தேக்கிகளால் உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகள் வெடித்தும் கசிந்தும் போயின. அதன் பிறகுதான் தலை தட்டையாக, உருளையாக இருக்கும் திட மின்தேக்கிகள் பரவலாயின. பரணில் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் இருந்தால் அதை ஓவர்கிளாக் செய்ய ஆசைப்படாதீர்கள், சாதாரண வேகத்திலேயே ஓடட்டும்.

சூடு தணிய

10. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20 டிகிரி சொச்சம் உள்ள அறையில் எடுத்தவை. நம் கூடத்தில் மதியம் 31, 32 டிகிரி. ஆகவே அவர்கள் 75 என்றால் நமக்கு 85 என்று பத்தைக் கூட்டிக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

11. மின்தேக்கியின் ஆயுள் வெப்பத்தைப் பொறுத்தது. 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. இருபது முப்பது வெள்ளி ஃபேன் ஒன்றை முன்பக்கம் கூடுதலாகப் பொருத்துவதைவிட மலிவான ஆயுள் காப்பீடு போர்டுக்குக் கிடையாது.

12. முன்பக்கம் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால், சல்லடை இல்லாத சந்துகள் வழியாகத் தூசி நுழையாது.

13. தண்ணீர்க் குளிரூட்டி போட்டால் பிராசசர் குளிரும், ஆனால் அதைச் சுற்றியுள்ள விஆர்எம்முக்குக் காற்று வராது. பழைய ஃபேன் ஒன்று சும்மா கிடந்தால் அதை மேல்பக்கமாகப் பொருத்தி, விஆர்எம் கட்டியின் மேல் காற்று படும்படி செய்யுங்கள். தங்கை வீட்டில் இதைச் செய்த அன்றே விஆர்எம் சூடு பளிச்சென்று இறங்கியது.

14. விஆர்எம் வெப்பத்தைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கடுமையாக வேலை வாங்கும்போதும் 90 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. அதைத் தாண்டினால் பிராசசர் வேகத்தைக் கூட்டாதீர்கள், முதலில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

15. சிபியு பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். மேசையின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால் பின்பலகையைக் கழற்றிவிடுங்கள். ஒரு திருகாணி முடுக்கி வேலைதான், செலவே இல்லை.

16. தெர்மல் பேஸ்ட்டை மிளகுக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவில் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும், பெரிய பிராசசருக்கு மட்டும் கூட்டல் குறி போல. பழையதைத் துடைக்க மருந்துக்கடை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் பழைய பருத்தித் துணியும் இருந்தாலே ஆயிற்று.

17. ஏஎம்4 ரைசனில் குளிரூட்டியைச் சட்டென்று மேலே இழுத்தால் பிராசசரும் பின்களோடு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றும் முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

18. கிராஃபிக்ஸ் கார்டு கனத்தால் தொங்கி, போர்டின் துளையை இழுக்கும். காலியான பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவை உயரத்துக்கு வெட்டி அடியில் முட்டுக் கொடுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கரித்தண்டில் மின்சாரம் பாயும்.

தூசி, பூச்சி, புகை

19. சாமி மேடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் விடும் பிசுபிசுப்பான கரி ஃபேன் இறக்கையிலும் போர்டிலும் படிந்து, தூசியைக் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தாளிக்கும் எண்ணெய்ப் புகை போகும் வழியும் அப்படித்தான்.

20. 2015, 2019 மாதிரி புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் மாதம் ஒருமுறை செய்யும் சல்லடைக் கழுவலை வாரம் ஒருமுறை ஆக்குங்கள். கழுவிய சல்லடையை நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகே மாட்டுங்கள்.

21. சல்லடை இல்லாத பெட்டிக்குப் பழைய நைலான் காலுறை அருமையான சல்லடை. ஃபேனின் வெளிப்பக்கம் இழுத்துக் கட்டினால் தூசி நிற்கும், காற்று போகும். மாட்டிய பிறகு வெப்பம் ஓரிரு டிகிரிக்கு மேல் ஏறினால் இன்னும் மெல்லிய துணியாக மாற்றுங்கள்.

22. தூசி தட்ட இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ் புதிதாக ஒன்று ஒதுக்கி வையுங்கள். ஊதும் கருவியால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். வீட்டு வேக்குவம் குழாயைப் போர்டில் உரசவே கூடாது, அதில் நிலைமின்சாரம் சேரும்.

23. பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடத்தைத் தேடி வரும். பவர் சப்ளைக்குள் பல்லி விழுந்து ஷார்ட் ஆன கதை நம் பக்கம் பல வீடுகளில் உண்டு. பின்பக்கம் கார்டு இல்லாத துளைகளில் தகட்டு மூடி போட்டு, மேசையில் தே தாரே சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

24. வெள்ளம் வரும் தாமான்களில் சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் வந்த தண்ணீரை நினைத்தால் போதும். மழைக்காலத்தில் வெளியூர் போகும் முன் வயர்களைக் கழற்றி, மேசைக்கோ மாடிக்கோ ஏற்றிவிடுங்கள்.

25. நனைந்துவிட்டால் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். வட்டப் பேட்டரியைக் கழற்றி, சேற்றைச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் கழுவி, ஃபேன் காற்றில் பல நாள் காயவிட்டால் பல போர்டுகள் பிழைக்கும். நனைந்த பவர் சப்ளையை மட்டும் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

மின்சாரம், இடி, மின்னல்

26. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலைகளில் இடி அதிகம். வானம் கறுத்ததும் சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கையும் பிடுங்குங்கள். வேலையில் இருக்கும் நாட்களில் இதை மாலை நாலு மணி வழக்கமாக வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள்.

27. மின்னல் பவர் வயர் வழியாக மட்டும் வருவதில்லை, லேன் வயர் வழியாகவும் வரும். பல போர்டுகளில் முதலில் சாவது லேன் துளைதான். பிளக்கோடு லேன் வயரையும் பிடுங்குங்கள்; ஆஸ்ட்ரோ வயரும் எச்டிஎம்ஐ வழியாகச் சேர்ந்திருந்தால் அதையும்.

28. லேன் துளை மட்டும் செத்துப்போனால் போர்டையே மாற்ற ஓடாதீர்கள். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரோ வைஃபை அடாப்டரோ சில பத்து வெள்ளிகளில் வேலையை முடிக்கும்.

29. மின்னல் காப்புள்ள நீட்டிப்புப் பலகைக்கும் ஆயுள் உண்டு. ஒவ்வொரு மின்னல் அதிர்வையும் வாங்கி வாங்கி உள்ளே இருக்கும் பாகம் தேய்ந்துபோகும். காப்பு விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீட்டிப்புப் பலகைதான், மாற்றிவிடுங்கள். சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

30. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் துளையில் மாட்டும் அடாப்டரைக் கம்ப்யூட்டருக்குப் பயன்படுத்தாதீர்கள். எர்த் துண்டிக்கப்பட்டால் பெட்டியைத் தொடும்போது சுர்ரென்று இழுக்கும், போர்டுக்கும் நல்லதல்ல.

31. 2008 முதல் நம் நாட்டின் அதிகாரபூர்வ மின்னழுத்தம் 230 வோல்ட். பழைய பவர் சப்ளையின் பின்னால் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது 230-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே பிளக்கைப் போடுங்கள். 115-இல் இருந்தால் போட்ட நொடியில் வெடிச்சத்தம்தான்.

32. யூபிஎஸ் வாங்கும்போது பெரிதாக எழுதிய விஏ எண்ணைப் பார்க்காமல், சிறிதாக எழுதிய வாட் எண்ணைப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து எடுக்கும் வாட்டைவிட அது அதிகமாக இருக்க வேண்டும். லேசர் பிரிண்டரை அதில் செருகவே கூடாது.

33. போர்டைத் தொடும் முன் பிளக்கைச் சுவரில் விட்டு, சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்து, பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். எர்த் வயர் இணைப்பில் இருப்பதால் உடம்பின் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஏர்கான் ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும், அங்கே இது இன்னும் முக்கியம்.

வேகம் கூட்டும்போது

34. முதலில் கிடைக்கும் இலவச வேகம் ரேமில் இருக்கிறது. 3200 என்று காசு கொடுத்து வாங்கிய டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்காவிட்டால் 2133-இலோ 2400-இலோதான் ஓடும். டிடிஆர்5-க்கு ஏஎம்டியில் அதன் பெயர் எக்ஸ்போ. ஒரே ஒரு தேர்வுதான், இரண்டு நிமிட வேலை.

35. நான்கு துளை உள்ள போர்டில் இரண்டு ரேமை பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது துளைகளில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளுக்கு அதுதான் முறை. நான்கையும் நிரப்பினால், குறிப்பாக டிடிஆர்5-இல், வேகத்தைக் குறைத்தால்தான் நிலையாக ஓடும். ஆகவே நான்கு சிறியதைவிட இரண்டு பெரியது லாபம்.

36. ரைசன் 7000 வரிசைக்கு டிடிஆர்5 6000 தான் விலைக்கும் வேகத்துக்கும் பொருந்திய அளவு. அதற்கு மேல் விலை ஏறும் அளவுக்கு வேகம் ஏறாது. மீதி வெள்ளியை நல்ல பவர் சப்ளையில் போடுங்கள்.

37. வேகத்தைவிட வோல்ட்தான் சூட்டைக் கிளப்புகிறது. வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு ஏறும். 1.20-லிருந்து 1.30 வோல்ட்டுக்குப் போனால் அதே வேகத்திலேயே சூடு ஏறக்குறைய 17 சதவீதம் கூடும். ஆகவே வோல்ட்டைத் தொடாமல் எவ்வளவு வேகம் கிடைக்கிறதோ அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

38. பயாஸில் வோல்ட்டை 'ஆட்டோ' என்று விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கூட்டினால், சில போர்டுகள் தாராளமாக வோல்ட்டை அள்ளிக் கொடுத்துவிடும். வேகம் மாற்றியதும் உண்மையில் எவ்வளவு வோல்ட் போகிறது என்று மென்பொருளில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

39. ஏஎம்5 போர்டு வைத்திருப்பவர்கள் பழைய பயாஸோடு ஓட்டாதீர்கள். 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகியதால், எஸ்ஓசி வோல்ட்டை 1.3-க்கு மேல் போகாமல் தடுக்கும் பயாஸ்களை ஏஎம்டியும் போர்டு நிறுவனங்களும் வெளியிட்டன. அதற்குப் பிந்தைய பயாஸ் போட்டிருந்தால் அந்த எஸ்ஓசி வோல்ட் கவலை இல்லை.

40. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் உள்ளவர்கள் 2024 செப்டம்பருக்குப் பின் வந்த பயாஸைக் கட்டாயம் போடுங்கள். மிகையான வோல்ட்டால் பிராசசர் தேயும் குறைக்கு இன்டெல் அதில்தான் திருத்தம் தந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறார்கள். அடிக்கடி விளையாட்டு நின்றுபோனால் புதிது வாங்கும் முன் அதைக் கேளுங்கள்.

41. பயாஸ் மாற்றும் வேலையைக் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மழை மாலையில் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. வாங்கும்போதே பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகப் பார்த்தால், அப்படி நேர்ந்தாலும் ஒரு யூஎஸ்பி குச்சியில் மீட்டுவிடலாம்.

42. ஓவர்கிளாக் என்றாலே வோல்ட்டைக் கூட்டுவது என்றில்லை, குறைத்தும் வேகம் பெறலாம். ரைசனில் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 10-இல் தொடங்கி ஐந்து ஐந்தாக இறக்குங்கள். சூடு குறைந்த பிராசசர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும், மின்கட்டணமும் குறையும்.

43. 50 வாட் மிச்சப்படுத்தினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடும் கம்ப்யூட்டரில் அது மாதத்துக்கு 9 யூனிட். ஏர்கான் அறை என்றால் அந்தச் சூட்டை வெளியேற்றும் வேலையும் ஏர்கானுக்கு மிச்சம்.

44. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ ஓவர்கிளாக் உலகில் இன்றும் பேசப்படும் பெயர். பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினாலே 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகும். 1972 முதல் இன்டெல் ஆலை நடக்கும் நம் நாட்டில் செய்து 'மலாய்' என்று அச்சடித்தவையும் அவற்றில் உண்டு. அன்று போர்டு அடிவாங்காததற்குக் காரணம், 440பிஎக்ஸ் போர்டுகள் அந்த 100-க்கே வடிவமைக்கப்பட்டவை. இன்றும் போர்டின் எல்லைக்குள் நிற்கும் வேகத்தையே தேடுங்கள்.

45. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவுகளை அப்படியே போடாதீர்கள். ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு பிராசசர்கள்கூட ஒரே வேகத்தில் நிற்காது. அவர் அளவிலிருந்து ஒரு படி கீழே தொடங்கி மேலே வாருங்கள்.

46. சோதனையை இரவு ஏர்கானில் செய்யாமல், மதியம் மூன்று மணிக்கு ஏர்கானை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ரேமுக்கு மெம்டெஸ்ட்86, பிராசசருக்கு ஓசிசிடி இரண்டும் இலவசமாகவே கிடைக்கும். அந்த வெக்கையில் தாங்கியதுதான் ஆண்டு முழுக்கத் தாங்கும்.

47. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுகிறது என்பதால் எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'வியா' என்ற எச்சரிக்கைகள் சேர்ந்திருந்தால், போர்டு தடுமாறித் தடுமாறிச் சமாளிக்கிறது என்று பொருள். வேகத்தில் ஒரு படி இறங்குங்கள்.

48. ரேம் வேகத்தில் கை வைக்கும் முன் குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பாடவேலைகளையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். நிலையில்லாத ரேம் சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும். எஸ்பிஎம் தேர்வு மாதங்களில் வீட்டுக் கம்ப்யூட்டரில் புதுச் சோதனை எதுவும் வேண்டாம்.

49. திரை வராமல் போனால் பதறாதீர்கள். சுவர்ச் சுவிட்சை அணைத்து, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, வட்டப் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தால் பல போர்டுகளில் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடைக்குத் தூக்கிப்போகும் கூலி மிச்சம்.

50. தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்திலேயே கம்ப்யூட்டருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்: தூசி தட்டல், மின்தேக்கித் தலை பார்த்தல், கடிகாரம் பின்தங்கினால் சிஆர்2032 பேட்டரி மாற்றல். வேகம், வோல்ட், மதிய வெப்பம் மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பக்கவாட்டுப் பலகையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுப் பலகையில் அப்படி ஏழு தீபாவளி வரிகள் சேர்ந்துவிட்டன. வெப்பம் ஏறும் ஆண்டை அந்தத் தாளே காட்டிக்கொடுக்கிறது, நாங்களும் போர்டு கெடும் முன்பே பேஸ்ட்டையோ ஃபேனையோ மாற்றிவிடுகிறோம்.